பருவகால மனச்சோர்வு: ஒரு சொல் விளக்கம்

ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்துபோகும் மனச்சோர்வுக்கு ஆங்கிலத்தில் 'சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்' என்று பெயர். முதலெழுத்துகளைக் கூட்டினால் 'சேட்' என்று வரும். அந்த மொழியில் அதற்குத் துக்கம் என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், குளிர்காலம் வந்தால் தன் சுறுசுறுப்பே குறைந்துவிடுவதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தப் பெயரை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது.

பெயரின் நடுவில் உள்ள 'அஃபெக்டிவ்' இலத்தீன் வழி வந்தது. மனநிலை சார்ந்தது என்று பொருள். 'சீசனல்' பருவத்தைக் குறிக்கிறது. இது தனி நோய் அல்ல. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகி, அடுத்த ஆண்டும் திரும்பி வரும் மனச்சோர்வு. குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து இப்படி வந்து போனால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். கோடையில் வருகிற வகையும் உண்டு, ஆனால் அது அரிது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் 'பருவகால மன அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். மனச்சோர்வைக் குறிக்கும் 'டிப்ரெஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குக் கீழே அழுத்துதல் என்று பொருள் இருப்பதால், அவர்களை முழுக்கக் குறைசொல்ல முடியாது. ஆனால் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் மன அழுத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வேலைப்பளுவில் தவிக்கும் மகனுக்கும், காலையில் கட்டிலை விட்டு எழ மனமில்லாத அம்மாவுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான். மனச்சோர்வு என்பதே பொருந்தும். அதோடு வெறும் 'பருவ'த்தைச் சேர்த்துவிடக் கூடாது. பருவ மனச்சோர்வு என்றால் பதின்வயதுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஆகவே பருவகால மனச்சோர்வு. பேச்சில் 'குளிர்காலச் சோர்வு' என்றாலே போதும்.

ஆனால் சோர்ந்துபோன முதியவர் இந்தச் சொற்களில் எதையும் சொல்லப்போவதில்லை. கனடாவின் ரொறன்ரோ நகரில் பிள்ளைகளோடு வாழும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் 'பஞ்சியா இருக்கு' என்பார்கள், இல்லாவிட்டால் 'உடம்புக்கு ஏலாது' என்பார்கள். பஞ்சி என்றால் சோம்பல், எதையும் செய்ய மனம் வராத நிலை. வீட்டில் உள்ளவர்கள் அதைச் சோம்பல் என்றே எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். அதிகத் தூக்கம், சோறும் இனிப்பும் கூடுதலாகக் கேட்பது, எடை ஏறுவது, கோயிலுக்குப் போவதைத் தட்டிக்கழிப்பது எல்லாம் ஒவ்வொரு நவம்பரிலும் சேர்ந்து வந்தால் அது வெறும் பஞ்சி அல்ல. அதே நேரம் தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும். மறதி கூடினால் மறதிநோயோ என்றும் சந்தேகம் வரும். எனவே முதலில் இரத்தப் பரிசோதனை.

டிசம்பர் இறுதியில் ரொறன்ரோவில் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான். மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கண் வழியாக மூளைக்குப் போகும் காலை வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகி, உள்ளே போகும் ஒளி குறைகிறது. வழுக்கி விழும் பயத்தில் வெளியே போவதும் நின்றுவிடுகிறது. பேரங்காடிக்குள் நடப்பது கால்களுக்கும் பேச்சுத் துணைக்கும் நல்லது. ஆனால் மேகமூட்டமான பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் கட்டடத்துக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பனி அகற்றிய பாதையில், பிடிப்புள்ள காலணியோடு, யாராவது கூடப் போனால் 20 நிமிட நடையே பெரிய உதவி.

வெளியே போகவே முடியாதவர்களுக்கு ஒளிச் சிகிச்சை விளக்கு உண்டு. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ளதை, விழித்தெழுந்த கொஞ்ச நேரத்தில், சுமார் 30 நிமிடம் முகத்துக்கு எதிரே சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் வேறு கண் நோய் உள்ளவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இருதுருவ மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்க வேண்டும். சிலருக்கு விளக்கு மட்டும் போதாது. பேச்சுச் சிகிச்சையோ மாத்திரையோ தேவைப்படும். பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது சென்ற ஆண்டும் இதே மாதம் எப்படி இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு வந்தால் வசந்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கனடாவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.