விமான நிறுவனங்களை ஒப்பிடும்போது யாரை எண்ணுகிறோம்?

பங்கு வாங்கும் எண்ணத்தோடு வரும் வாடிக்கையாளர்கள், விமான நிறுவனங்களை ஒப்பிட்டுத் தாங்களே தயாரித்த அட்டவணையைக் கையோடு கொண்டுவருவது உண்டு. மொத்த வருவாயை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்த தொகை அதில் கட்டாயம் இருக்கும். அந்தத் தொகை எங்கே கூடுதலோ அந்த நிறுவனமே திறமையாக நடத்தப்படுகிறது என்ற முடிவையும் எடுத்துவிட்டே வருவார்கள். நிதி ஆய்வைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேறு சில துறைகளில் ஓரளவு பொருந்தக்கூடிய இந்தக் கணக்கு, விமானத் துறையில் பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது.

ஊழியர் என்று யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குபவரும் விமானத்தைப் பழுதுபார்ப்பவரும் ஒரு நிறுவனத்தில் சொந்த ஊழியர்களாகவும், இன்னொன்றில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாகவும் இருப்பார்கள். அரசிடம் இருந்த காலத்தில் ஏர் இந்தியா, விமானம் ஒன்றுக்கு இத்தனை ஊழியர்களா என்று ஓயாமல் விமர்சிக்கப்பட்டது. பின்னர் பொறியியல் பணியாளர்களும் தரைப்பணியாளர்களும் தனித்தனித் துணை நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டபோது அந்த விகிதம் இறங்கியது. விமானத்துக்குக் கீழே அதே வேலையை அதே மனிதர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாறியது சம்பளப் பட்டியலின் தலைப்பு மட்டுமே. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபோதும் அந்தத் துணை நிறுவனங்கள் இரண்டும் அரசிடமே தங்கிவிட்டன. ஆகவே, நீண்ட கால ஒப்பீட்டில் ஏர் இந்தியாவின் ஊழியர் எண்ணிக்கையை ஒரே கோடாக வரைபவர்கள் உண்மையில் வெவ்வேறு நிறுவனங்களை ஒட்டிவைக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கிச் சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்கள் பலவற்றை ஸ்கைவெஸ்ட் போன்ற வட்டார நிறுவனங்கள் இயக்குகின்றன. பயணச்சீட்டு வருவாய் பெரிய நிறுவனத்தின் கணக்கில் ஏறும், விமானியோ வட்டார நிறுவனத்தின் ஊழியர்.

வருவாய்க்குப் பதிலாக, இருக்கைகளின் எண்ணிக்கையைப் பறந்த தூரத்தால் பெருக்கிக் கிடைக்கும் இருக்கை-கிலோமீட்டரை அளவுகோலாக எடுப்பது இதைவிட மேல். ஆனால் 180 இருக்கை விமானம் ஒன்று சென்னையிலிருந்து டெல்லிக்குச் சுமார் 1,750 கிலோமீட்டர் பறந்தால் 3,15,000 இருக்கை-கிலோமீட்டர். கோவைக்குச் சுமார் 400 கிலோமீட்டர் பறந்தால் 72,000. பயணிகளைச் சோதித்து ஏற்றுவது, பெட்டிகளை அடுக்குவது, உள்ளே சுத்தம் செய்வது ஆகிய தரைவேலைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. குறுந்தூரப் பயணங்களை அதிகம் நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்கள் சோம்பேறிகளாகத் தெரிவது இப்படித்தான்.

லாபத்தை ஊழியர் எண்ணிக்கையால் வகுப்பது இன்னும் மோசம். இண்டிகோ 2021-22 நிதியாண்டில் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டமும், 2023-24இல் எட்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் லாபமும் காட்டியது. பெருந்தொற்றின் பிடியிலிருந்து சந்தை மீண்டதற்கான மதிப்பெண்ணை ஊழியர் திறனுக்குப் போட முடியாது. 2025 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அதே நிறுவனம் சுமார் 2,582 கோடி ரூபாய் நட்டத்தை அறிவித்தது. விமானக் குத்தகைக் கடன்கள் பெரும்பாலும் டாலரில் இருப்பதால், ரூபாய் மதிப்பு சரிந்தபோது அந்தக் கடன்கள் ஏட்டில் வீங்கியதே முக்கியக் காரணம். அந்த விளைவைக் கழித்தால் சிறிய லாபமே மிஞ்சியது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய குத்தகைக் கணக்கியல் விதியின்படி, இந்திய நிறுவனங்களின் குத்தகைச் செலவில் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடுகிறது. அமெரிக்க விதிகளிலோ இயக்கக் குத்தகை, அதாவது காலம் முடிந்ததும் விமானத்தைத் திருப்பித் தரும் குத்தகை, இன்னமும் வாடகைச் செலவாகவே நிற்கிறது. எனவே வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை இரு நாட்டு நிறுவனங்களுக்கிடையே அப்படியே ஒப்பிடக் கூடாது. வாடகையையும் திரும்பக் கூட்டிக்கொண்டு ஒப்பிடுவதே இத்துறையின் வழக்கம்.

உற்பத்தித்திறன் உயர உயர நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1972இல் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்படச் செய்து, மூன்றைக் கொண்டே பழைய அட்டவணையை நிறைவேற்றியது. விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்ததால் வந்த திறன் அது. இதற்கு மாறாக, ஆட்களை மிச்சமின்றிப் பயன்படுத்துவதால் உயரும் விகிதம் ஒரு விதி மாறினாலும் முறிந்துவிடும். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் கட்டுப்படுத்திய இந்திய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. முந்தைய ஆண்டுகளின் அட்டவணைகளில் அந்நிறுவனத்தின் சிக்கனம் பாராட்டுக்குரியதாகவே தெரிந்திருக்கும்.

எனவே, பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனமாக இருந்தால், ஆண்டறிக்கையோடு வரும் பொறுப்புணர்வு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை முதலில் புரட்டச் சொல்கிறேன். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். நிரந்தர ஊழியர்கள், நிரந்தரமல்லாதவர்கள், ஆண்டுக்குள் விலகியவர்களின் விகிதம் ஆகியவை அதில் தனித்தனியே இருக்கும். அவற்றை எரிபொருள் நீங்கலான இருக்கை-கிலோமீட்டர் செலவோடு நான்கைந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படித்தால், செலவு குறைந்தது விமானங்கள் கூடுதல் நேரம் பறந்ததாலா, ஆட்கள் வெளியே மாற்றப்பட்டதாலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.