மீட்டர் காட்டும் சதவீதமும் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலும்

"ஆயில் ஆயுள் இன்னும் 40 சதவீதம் இருப்பதாக மீட்டரே காட்டுகிறதே, அதற்குள் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?" காட்பாடியில் நான் நடத்தும் கார் பணிமனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் வருவதுண்டு. "மாற்றச் சொல்லி மீட்டரில் எழுத்து வந்துவிட்டது. நாளைக்குத் திருப்பதி போக வேண்டும், வண்டியை எடுக்கலாமா?" முதலில் கேட்டவர் மீட்டரை அளவுக்கு மீறி நம்புகிறார். அடுத்தவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார். இருவருக்கும் நான் சொல்லத் தொடங்குவது ஒன்றைத்தான்: பெரும்பாலான கார்களில் அந்த மீட்டர் ஆயிலைப் பார்ப்பதே இல்லை. இன்ஜின் எப்படி ஓடியது என்பதை வைத்து, ஆயில் இந்நேரம் எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. சரக்கறைக்குள் எட்டிப் பார்க்காமல் பேரேட்டை மட்டும் வைத்து இருப்பைச் சொல்லும் கணக்குப்பிள்ளையின் வேலை அது. பேரேடு ஒழுங்காக இருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பேரேட்டில் ஏறாத விஷயங்களைப் பற்றித்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மோலென்ஸ்கி ஆகியோர் இதில் வேலை செய்தார்கள். ஆயிலின் தேய்மானத்தைக் கணிக்க இரண்டே விவரங்கள் பெருமளவு போதும் என்று அவர்கள் கண்டார்கள்: இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, அப்போது ஆயில் எவ்வளவு சூடாக இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே இந்த முறை கார்களில் வந்துவிட்டது. புது ஆயில் ஊற்றியவுடன் இத்தனை கோடிச் சுற்று என்று ஒரு கையிருப்பு வைக்கப்படுகிறது. இன்ஜின் சுற்றச் சுற்ற அது கழிகிறது. ஆயில் உரிய சூட்டில் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றுதான் கழியும். ஆயில் குளிர்ந்திருக்கும்போதோ கொதிக்கும்போதோ சுற்றினால், ஒரு சுற்றுக்குப் பல சுற்றுகள் அபராதமாகக் கழியும்.

அபராதம் ஏன் என்பதை விளக்குகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் வேதியியல் அதுதான். அந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறுவதற்கு முன்பே இன்ஜினை நிறுத்திவிட்டால் உள்ளேயே தங்கி அமிலமாகவும் கசடாகவும் மாறும். மறுபக்கம், சூடு மிகுந்தால் ஆயிலை ஆக்சிஜன் தின்னத் தொடங்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆயிலில் கலந்திருக்கும் காப்புப் பொருள்கள் முதலில் இந்த அடியை வாங்கிக்கொண்டு தீர்ந்துபோகும். அதன் பிறகு ஆயில் தடித்துக் குழம்பாகும்.

நம் ஊரில் ஓடும் எல்லாக் கார்களிலும் இந்தக் கணக்கு இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். பல கார்களில் "சர்வீஸுக்கு இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று காட்டுவது வெறும் எண்ணிக்கைதான். 10,000 என்று வைத்து அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். உங்கள் கார் எந்த வகை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்று ஓடோமீட்டர் எண்ணையும் சர்வீஸ் எண்ணையும் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஓடிய தூரமும் குறைந்த தூரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அது வெறும் எண்ணிக்கை. நகருக்குள் மட்டும் ஓட்டிய மாதத்தில் வேகமாகவும், பெங்களூர் போய்வந்த மாதத்தில் நிதானமாகவும் சதவீதம் குறைந்தால் அது கணக்குப் போடும் மீட்டர். சில உயர்விலைக் கார்களில் ஆயிலின் மின் பண்பையே அளக்கும் உணரி இருப்பதுண்டு. அவை வேறு.

வெறும் எண்ணிக்கை காட்டும் கார் வைத்திருப்பவர்களுக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்தப் பகலில் போனாலும் பார்க்கலாம். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு, ஏசி போட்டு, இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் காத்திருக்கும் வண்டிகள். ஓடோமீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட நகராது. நின்ற இடத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 750 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 45,000 சுற்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. ஆக, ஒரு மணி நேரம் நின்றபடி ஓடியது, சுற்றுக் கணக்கில் மட்டும் 30 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இப்படி நிற்கும் வாடகைக் காருக்கு இது எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், காற்றோட்டமில்லாமல் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் வெப்பம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஓடும் வண்டிகளுக்கு 10,000 வரை காத்திருக்க வேண்டாம், 7,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் நிலையத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் மட்டும் போய்வரும் கார்களின் நிலை வேறு. மீட்டரில் குளிர்விப்பு நீரின் வெப்பம் சில நிமிடங்களில் நடுக்கோட்டுக்கு வந்துவிடும். இன்ஜின் சூடாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆயில் அந்தச் சூட்டை எட்ட மேலும் சில நிமிடங்கள் ஓட வேண்டும். அதற்குள் கடை வந்துவிடுகிறது. இப்படியே ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்தால், அடியில் வெண்ணிறக் குழம்பு ஒட்டியிருப்பதைப் பார்க்க முடியும். உள்ளே தங்கிய நீரின் அடையாளம் அது. வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஏறிப் பள்ளிகொண்டா வரை சீராகப் போய்த் திரும்பினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். போய்வந்த பிறகும் குழம்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, குளிர்விப்பு நீர் குறைந்தாலோ அது வேறு நோய். உடனே காட்டுங்கள்.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் ராணுவத்தில் இருப்பவர்கள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடியில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. விடுப்பில் வரும்போது மட்டும் ஓடும் கார்கள் அவர்களுடையவை. "ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்பார்கள். உற்பத்தியாளர்கள் "இத்தனை கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்று எழுதியிருப்பது இவர்களுக்காகத்தான். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். நிறுத்திவிட்டுப் போவதற்கு முன் மாற்றுவது இன்னும் நல்லது. பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்க விடக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வண்டியை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயன் இல்லை. மேலே சொன்ன நீர் இன்னும் அதிகமாகத்தான் சேரும். ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

இதற்கு மறுமுனையில் சென்னைக்கும் பெங்களூருக்கும் வாரந்தோறும் போய்வருகிறவர்கள். ஒரே வேகம், நல்ல சூடு, குறைந்த தூசி. ஆயிலுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. கையேடு சொல்லும் முழுத் தூரம் வரை இவர்கள் தாராளமாக ஓட்டலாம்.

அப்படிப்பட்டவர்களிடம்கூட "5,000க்கு ஒருமுறை மாற்றினால்தான் இன்ஜின் நிற்கும்" என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் இருந்த காலத்தில், சாதாரண மினரல் ஆயில் ஊற்றிய காலத்தில் அது நியாயமான அறிவுரை. இன்று பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜினுக்கு, நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு, அது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவது. ஆயில் கருத்துவிட்டது என்று, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படியே. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கருக்கும். கரியைக் கட்டியாகப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்திருக்கிறது, அதனால் கருக்கிறது. நிறத்தை வைத்து ஆயிலின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது.

இனி, பேரேட்டில் ஏறாதவை. எல்லாவற்றிலும் முக்கியம் ஆயிலின் அளவு. மீட்டர் 60 சதவீதம் காட்டும்போது இன்ஜினில் ஆயில் பாதியாகக் குறைந்திருக்கலாம். சதவீதம் தரத்தைப் பற்றிய ஊகம், அளவைப் பற்றியது அல்ல. இதை மாற்றிப் புரிந்துகொண்டு இன்ஜினை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறிய டர்போ இன்ஜின்களும், வயதான இன்ஜின்களும் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். மாதம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும்.

டீசல் காரில் அளவு தானாகவே கூடினால் அதைவிடக் கவனம் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். நகருக்குள்ளேயே ஓட்டி, அந்த எரிப்பு முடியும் முன் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திவிட்டால், டீசல் ஆயிலில் கலந்து அளவு உயரும், ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

தூசியும் மீட்டருக்குத் தெரியாது. கல்குவாரி, செங்கல் சூளைப் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். விரிசல் விட்ட ஃபில்டர் வழியாக உள்ளே போகும் மண் துகள் சிலிண்டரையும் ரிங்குகளையும் அரைத்துவிடும். நீங்கள் எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்பதும் மீட்டருக்குத் தெரியாது. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் மலிவாகக் கிடைத்தது என்று 15டபிள்யூ-40 என்ற தடித்த ஆயிலை ஊற்றினாலும் அது 100 சதவீதத்திலிருந்தே தொடங்கும். டப்பாவின் சீலை உங்கள் கண் முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைத் துளையிட்டுப் போடச் சொல்லுங்கள். நல்ல பணிமனை எதுவும் இதற்குக் கோபப்படாது. ஆயில் ஃபில்டரையும், டிரெயின் போல்ட்டின் வாஷரையும் அப்போதே மாற்ற வேண்டும்.

சிவப்பு விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பேனர் படமோ, சர்வீஸ் நினைவூட்டலோ வந்தால் சில நாட்களுக்குள் நேரம் ஒதுக்கினால் போதும். திருப்பதி போக இருந்தவரிடம் அளவைப் பார்த்துவிட்டுப் போய்வாருங்கள், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். ஆனால் சொட்டு விழும் எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பில் எரிந்தால் அது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்ற எச்சரிக்கை. அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அடுத்த டோல்கேட் வரை என்று போகக் கூடாது. ஓரமாக ஒதுங்கி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் இல்லாமல் பேரிங்குகள் சில நிமிடம்கூடத் தாங்காது. வண்டியைக் கட்டி இழுத்து வரும் கூலி, முழு இன்ஜின் வேலையின் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆயில் மாற்றிய கையோடு மீட்டரை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றாமல் அதை மட்டும் செய்தால் அதன்பின் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வேறோர் இடத்தில் சர்வீஸ் முடித்து 100 சதவீதம் காட்டிய ஒரு காரில், ஃபில்டரின் மேல் இரண்டு ஆண்டுத் தூசி அப்படியே இருந்ததைப் பார்த்தேன். வாங்கும் பழைய காரிலும் இதே ஆபத்து உண்டு. முந்தைய ரசீது கையில் இல்லையென்றால் மீட்டரை நம்பாமல் முதல் வேலையாக ஆயிலை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதி, ஓடோமீட்டர் எண், ஆயிலின் தடிமன் எண், தரக் குறியீடு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டச் சொல்லுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். கரையான் அரிக்காமல் இருக்க வேலிக்கம்பத்தில் பூசுவதற்கு என்று கிராமங்களிலிருந்து கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. அதில் கன உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு நமக்குத் தெரியும். சாக்கடையில் ஊற்றும் ஆயிலும் அதே மண்ணுக்குள்தான் இறங்குகிறது. பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடம் கொடுக்கும் பணிமனையாகப் பார்த்து வண்டியை விடுங்கள்.