காயலான் கடைக்காரர் எடுக்காத பொருளில் தொடங்குங்கள்

கும்பகோணம் வட்டாரத்துப் பள்ளிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் கைவினை கற்றுக்கொடுப்பது என் தொழில். கண்காட்சி நாட்களில் மேசை நிறைய வண்ணம் பூசிய குளிர்பானப் பாட்டில்கள், ஜிகினா ஒட்டிய ஜாடிகள், தெர்மாகோல் கோபுரங்கள் வந்து நிற்கும். பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கழுவிய வெறும் பாட்டிலைப் பழைய இரும்புக் கடையிலோ காயலான் கடையிலோ எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அதன்மேல் பெயின்ட் அடித்து, பஞ்சும் மணியும் ஜிகினாவும் ஒட்டிவிட்டால் எந்தக் கடைக்காரரும் அதைத் தொடமாட்டார். மறுசுழற்சிக்குப் போயிருக்கவேண்டிய பொருள் நம் கைபட்டுக் குப்பையாகிவிடுகிறது, அதுவும் நான்கு மாதம் ஷோகேஸில் தூசி படிந்த பிறகு. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே விலை உள்ள பழம்பொருளுக்கு நம் தெருவில் வழி இருக்கிறது. ஆகவே அவர்கள் எடுக்காமல் விட்டுவிடும் பொருள்களில் தொடங்குவதே முறை என்று வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அவற்றில் முதலாவது பழைய நூல் புடவை. தூளி கட்டியும் போர்த்தியும் நைந்த புடவையை நீளவாக்கில் மூன்று விரற்கிடை அகலத்துக்குக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சேர்த்துச் சடை பின்னி, அந்தச் சடையைத் தரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஓரத்தை ஊசியால் தைத்துவந்தால் மிதியடி ஆகிவிடும். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. நூல் ஓடிய வாக்கிலேயே கிழிவதால் பட்டை கோணாது. சுற்றும்போது இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுப்பகுதி கிண்ணம்போல் குழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு சுற்றையும் தரையில் படியவைத்துத்தான் தைக்கவேண்டும். பாலியெஸ்டர் கலந்த புடவை இதற்கு உதவாது, ஏனென்றால் அது ஈரத்தை உறிஞ்சாது, வழுக்கவும் செய்யும். ஐயமிருந்தால் ஒரு நூலை உருவிப் பெரியவர்கள் யாராவது தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், செயற்கை இழை உருகி மணிபோல் உருண்டுகொள்ளும். குளியலறை வாசலில் போடுவதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி அடியில் தைத்துவிடுங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது காகிதக் கூழ். செய்தித்தாளை எடைக்குப் போடலாம்தான், ஆனால் பிள்ளைகளின் பயிற்சித்தாளும் கிழிந்த நோட்டும் எண்ணெய் படாத காகிதப் பைகளும் பல வீடுகளில் குப்பையோடு போகின்றன. இவற்றைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தையல் பின்னை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிவர வேண்டும். மாற்றாவிட்டால் நாற்றம் வரும். பிறகு பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லிலோ பழைய கிரைண்டரிலோ அரைத்தால், விரலில் எடுத்து நசுக்கும்போது எழுத்துள்ள துணுக்கு எதுவும் தட்டுப்படாத பதத்தில் சாம்பல் நிற மாவு கிடைக்கும். நம் பாட்டிமார் முறத்துக்கும் பிரம்புக்கூடைக்கும் ஓட்டையடைக்கப் பூசியது இதே கூழைத்தான். வெந்தயத்தின் வழவழப்புப் பசையாகிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணி விரித்து, கூழை விரல் கனத்துக்கு அப்பி, முதல் நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவைத்தால் கிண்ணம் கழன்று வரும். எடுத்தவுடன் சித்திரை வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சுருங்கி வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், அடைமழையில் காயாமல் பூசணம் பிடிக்கும்.

இந்தக் கூழுக்குப் பளபளப்பான வாரஇதழ்த் தாள் சரிவராது. ஏ.டி.எம். சீட்டையும் கடை பில்லையும் சேர்க்கவே கூடாது. அந்த வெப்ப அச்சுத் தாளின் மேற்பூச்சில் பெரும்பாலும் உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பிஸ்பினால் வகை வேதிப்பொருள் இருக்கும், ஊறவைத்துப் பிசையும்போது அது கையில் ஒட்டும். கிண்ணத்தில் சீப்பு, சாவி, ஊசி நூல் வைக்கலாம், முறுக்கும் வடையும் வைக்கக் கூடாது. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதி ஒழுங்குமுறைகள் தடுத்திருப்பது அச்சு மையைக் கருதித்தான். காகிதம் கூழானாலும் மை அதற்குள்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொய்க் கவர், புத்தகக் குறி, கொலுவில் பார்க் வைக்கும்போது வேலியும் வீடும் என்று கெட்டி அட்டைக்குப் பயன் ஏராளம். பிளாஸ்டிக் மெழுகு பூசிய அட்டையில் ஃபெவிகால் பிடிக்காது என்பதால் ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாங்குச்சிக்கும் களிமண்ணுக்கும் காவிரிக்கரையில் பஞ்சமில்லை. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம், அதன் அடி உருண்டையாக இருப்பதும் எடையெல்லாம் அந்த அடியிலேயே இருப்பதும்தான். அடி உருண்டையாக உள்ள கொட்டாங்குச்சியில் மூன்றில் ஒரு பங்கு களிமண்ணை அழுத்தி, மேலே காகிதக் கூம்பு ஒட்டினால் அதே விதியைப் பிள்ளைகளே செய்து பார்த்துவிடலாம். களிமண் காயும்போது சுருங்கிக் கொட்டாங்குச்சியைவிட்டுக் கழன்றுகொள்ளும். கொஞ்சம் உமி கலந்தால் சுருக்கம் குறையும், காய்ந்தபின் ஓரத்தில் பசை விட்டால் ஆடாது. தலைக்குக் கனமான பந்து வைத்தால் பொம்மை சாய்ந்த இடத்திலேயே படுத்துவிடும். அதையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன், பாடம் அங்கேதான் இருக்கிறது.

இனி, எந்தக் காரணம் கொண்டும் தொடக்கூடாத பொருள்கள். நெல் விளையும் ஊர்களில் பூச்சிமருந்து டப்பா இல்லாத கொல்லைப்புறம் குறைவு. அழகான மூடி, கெட்டியான பிளாஸ்டிக் என்று அதைப் பேனா வைக்கவும் செடி வைக்கவும் எடுத்துவருகிறார்கள். அதன் லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சைக்கும் பொருள் நஞ்சு குறைவு என்பதுதான், நஞ்சில்லை என்பதன்று. காலியான கொள்கலனை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கும்படி 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. எத்தனை முறை அலசினாலும் அது பிள்ளைகள் கைக்கு வரவேண்டிய பொருளன்று. 45 கிலோ யூரியா சாக்கு அப்படியல்ல. யூரியா தண்ணீரில் கரைந்துவிடும், நன்றாக அலசிக் காயவைத்துக் கடைப்பை தைக்கலாம். ஆனால் விதை நேர்த்தி செய்த நெல் வந்த சாக்கை விட்டுவிடுங்கள். சாயம் ஒட்டிய சாக்கு என்றால் மருந்தும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். வெயிலில் கிடந்து நைந்த சாக்கும் வேண்டாம், தைக்கத் தைக்க இழை தூளாக உதிர்ந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறும்.

பழைய வாழ்த்தட்டை, பொம்மை, ரிமோட் ஆகியவற்றைப் பிரித்தால் பொத்தான் பேட்டரி கிடைக்கும். பளபளப்பாக இருப்பதால் அதைக் கண்ணாக ஒட்டிவைக்கத் தோன்றும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும் என்பதால் அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். எரியாத சி.எஃப்.எல். விளக்கில் பாதரசம் இருக்கிறது, அதில் கைவினை எதுவும் வேண்டாம். அலங்காரத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. வெண்மையாக, லேசாகச் செதுக்க ஒன்று வேண்டுமென்றால் தஞ்சாவூரில் நெட்டி வேலை இருக்கிறது. குளத்தில் வளரும் செடியின் தண்டு அது.

பாட்டிலிலும் டயரிலும் செடித்தொட்டி செய்கிறவர்கள் அடியில் துளை போட மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு நல்ல தண்ணீர் போதும், முட்டை கொசுவாகப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வறண்ட தொட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டை பல மாதம் காத்திருந்து அடுத்த மழையில் பொரியும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு தொட்டிகளைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு எதில் தொடங்குவது என்று கேட்கும் பெற்றோரிடம் ஆடிப்பெருக்குச் சப்பரத்தைச் சொல்வேன். மூங்கில் தப்பை, உடைந்த பழப்பெட்டிப் பலகை, பழைய அட்டை, தேய்ந்த செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய சக்கரம், பெரியவர் ஒருவரின் ஆணியும் சுத்தியலும் போதும். சக்கரத்துக்கு அச்சு நேராக இருக்கிறதா என்று முதலில் வெறும் பலகையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கட்டு கட்டவேண்டும், இல்லையேல் தெருமுனை தாண்டும் முன்பே சாய்ந்துவிடும். ஜிகினாத் தாளுக்குப் பதில் வண்ணக் காகிதமும் பூவும் வைத்து, ஒட்டாமல் நூலால் கட்டினால், ஆற்றிலிருந்து திரும்பியதும் பிரித்துத் தப்பையையும் சக்கரத்தையும் பரணில் போட்டுவைத்து அடுத்த ஆடிக்கு எடுத்துக்கொள்ளலாம்.