காந்தத்துக்குக் கேட்காத தந்தி

நைலான் தந்தி கிட்டார் வாங்கப் போனால் "இதுல பிக்கப் இருக்கா?" என்று கேட்போம். கடைக்காரர் கிட்டாரின் பக்கவாட்டில் பதித்திருக்கும் கருப்புப் பெட்டியைக் காட்டுவார். நாலைந்து திருகுகள், ஒரு ட்யூனர் திரை, பேட்டரிக்கு ஒரு மூடி. பேச்சு அதோடு விலைக்குப் போய்விடும். அந்தப் பெட்டி வெறும் ப்ரீஆம்ப், சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றதாக்கும் சின்னச் சுற்று. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் கண்ணுக்கே தெரியாது. தந்திகளைக் கட்டும் மரக்கட்டையான பிரிட்ஜின் மேல் நிற்கும் வெள்ளைப் பட்டையான சேடிலுக்கு அடியில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் படுத்துக் கிடக்கிறது. மேடையில் இந்தக் கிட்டார் பாடுமா கத்துமா என்பது பெரும்பாலும் அந்த மெல்லிய பட்டையையும், அதன்மேல் சேடில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.

எலக்ட்ரிக் கிட்டாரில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். ஸ்டீல் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலானில் இரும்பு இல்லை, காந்தத்துக்கு அது இருப்பதே தெரியாது. கீழ்ச்சுருதித் தந்திகள் மூன்றும் வெள்ளி போல மின்னுவதால் அவையாவது காந்தத்துக்குக் கட்டுப்படும் என்று தோன்றும். அவற்றின் உள்ளே நைலான் இழைக் கற்றை, வெளியே வெள்ளி முலாம் பூசிய தாமிரக் கம்பிச் சுற்று. தாமிரமும் காந்தத்தை மதிக்காது. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின், ஸ்பானியக் கலைஞர் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்தியைக் கொண்டுவரும் வரை, இந்தக் கிட்டார்களில் குடல் தந்திதான் இருந்தது. குடலானாலும் நைலானானாலும் காந்தம் செவிடுதான்.

அதனால் அழுத்தத்தை அளக்கிறார்கள். 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். பியெசோ என்பது அதுதான். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க 'டக்'கென்று அழுத்தும் லைட்டருக்குள்ளும் அதே பியெசோ பீங்கான்தான் இருக்கிறது. அங்கே ஒரு சின்னச் சுத்தியல் ஓங்கி அடிப்பதால் தீப்பொறி பறக்கும் அளவுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட். கிட்டாரில் தந்தியின் மெல்லிய துடிப்பு மட்டும் சேடில் வழியாக இறங்குவதால், கிடைப்பது மிகச் சிறிய மின்னழுத்தம்.

அந்தத் துடிப்பு இறங்க வேண்டுமானால், தந்தி சேடிலை நன்றாக அழுத்தியபடி இருக்க வேண்டும். சுருதி சேர்த்த நைலான் தந்தி ஒன்று ஏறக்குறைய 7 கிலோ விசையில் இழுபடுகிறது. ஆறும் சேர்ந்தால் 40 கிலோவுக்குப் பக்கம். தந்தி சேடிலைத் தாண்டியதும் 20 டிகிரி சரிந்து முடிச்சுத் துளைக்குப் போனால், சேடில் மேல் விழும் அழுத்தம் தந்திக்குச் சுமார் 2.4 கிலோ. சரிவு 10 டிகிரிதான் என்றால் 1.2 கிலோ, அதாவது சரிபாதி. தந்தி உயரத்தைக் குறைக்கிறேன் என்று சேடிலைத் தேய்த்துத் தேய்த்துப் பிரிட்ஜோடு படியவிட்ட பழைய கிட்டார்களில் சத்தம் சோம்பி வருவதற்குக் காரணம் இதுதான். (ஸ்டீல் தந்தி கட்டினால் இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். "சத்தம் நல்லா வரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நைலானுக்கென்றே செய்த கிளாசிக்கல் கிட்டாரில் அதை ஏற்றினால், மேல்பலகை புடைத்து ஒருநாள் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.)

சேடிலின் அடிப்பாகம் கண்ணாடி மேல் வைத்தாற்போல் சமமாக இருக்க வேண்டும். தேய்க்கும்போது கை ஒரு பக்கம் சாய்ந்து நடுவில் ஒரு மயிரிழை மேடு விழுந்தாலும் போதும், மூன்றாவது நான்காவது தந்திகள் முழங்கும், ஓரத்துத் தந்திகள் முனகும். ப்ரீஆம்பில் எந்தத் திருகைத் திருகினாலும் இது சரியாகாது, ஏனென்றால் பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவுக்குத் தந்தி எதுவென்று தெரியாது, அதிர்வெண் மட்டும்தான் தெரியும். சேடில் பள்ளத்தில் இறுக்கமாகச் சிக்கிக்கொண்டாலும் இதே கோளாறு வரும். விரலால் இழுத்தால் கழன்று வரும் அளவுக்கு இளக்கமாகவும், முன்னுக்குச் சாயாத அளவுக்குப் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். உயரம் போதவில்லை என்று அடியில் பழைய விசிட்டிங் கார்டைக் கத்தரித்து வைக்கிறவர்கள் உண்டு. காகிதம் அழுத்தத்தை விழுங்கிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் கெட்டியான மெல்லிய மரச்சீவல் வைக்கலாம்.

ஆகவே கடையில் கிட்டாரை வெறுமனே வாசித்துப் பார்த்துவிட்டு வராமல், ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்க வேண்டும். பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது எல்லா அழுக்கையும் மூடும் போர்வை. ஆறு தந்திகளையும் ஒரே விரலால், ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். ஒன்று துள்ளி ஒன்று பதுங்கினால் சேடில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்து தரச்சொல்லலாம், கிட்டாரையே ஒதுக்க வேண்டியதில்லை. அடுத்து, ஜாக் செருகிய இடத்தில் கம்பியை மெல்லத் திருகிப் பாருங்கள். கரகரத்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது.

இரைச்சலைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியைத் தொட்டதும் 'ம்ம்ம்' என்ற ஹம் அடங்கும், ஏனென்றால் அந்தத் தந்தி எர்த்தோடு இணைந்த உலோகம். நைலான் மின்சாரத்தைக் கடத்தாது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே தொட வேண்டியது ஜாக்கின் உலோகத்தை. அதைத் தொட்டதும் ஹம் அடங்கினால், உள்ளே பியெசோவிலிருந்து வரும் வயரில் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை (ஷீல்டிங்) சரியில்லை. திருவிழா சீரியல் பல்புகளுக்கு நடுவே மேடை போட்டால் இந்தக் குறை பத்து மடங்காகக் கேட்கும்.

இனி பலரும் தவறும் இடம். பியெசோ ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) போன்றது. மின்னூட்டத்தைத் தரும், ஆனால் கரண்ட் கொடுக்கத் தெம்பில்லை. சேடிலுக்கடியில் இருக்கும் பட்டை ஒன்றின் கெப்பாசிட்டன்ஸ் 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக சவுண்டு மிக்சரின் 10 கிலோஓம் மின்தடையுள்ள லைன் இன்புட்டில் செருகினால், சுமார் 32,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். மனிதக் காது கேட்பதே 20,000 வரைதான். தகரத்தைச் சுரண்டுவது போன்ற சத்தம் மட்டும் மிஞ்சும். 1 மெகாஓம் இன்புட் என்றால் அந்த எல்லை 320 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆறாவது தந்தியின் சுருதி 82 ஹெர்ட்ஸ், ஆகவே அதுவும் போதாது. 10 மெகாஓம் வைத்தால் 32 ஹெர்ட்ஸ், அடித்தந்தி முழுதாக வரும். பக்கவாட்டுப் பெட்டியின் முதல் வேலை இந்த உயர்ந்த மின்தடையுள்ள இன்புட்டைக் கொடுப்பது. ட்யூனரும் திருகுகளும் அதற்கப்புறம்தான்.

சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பியெசோ வட்டை மேல்பலகையில் ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஒட்டலாம். அதன் கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய 20 நானோஃபாரட் என்பதால் 1 மெகாஓம் இன்புட்டே அதற்குத் தாராளம். ஆனால் அது மேல்பலகையின் அசைவை எடுக்கிறது. பலகையில் விரல் பட்டால், சட்டைப் பொத்தான் உரசினால், பக்கத்தில் டோலக் அதிர்ந்தால், எல்லாமே ஸ்பீக்கரில் வரும். வீட்டில் பதிவு செய்ய நல்லது, கானாக் கச்சேரி மேடைக்கு வேண்டாம்.

கிட்டார் முன்னால் ஒரு மைக் வைத்தால் இத்தனை தொல்லையும் இல்லையே? அமைதியான அறையில் அதுதான் சிறந்தது, பியெசோ எதுவும் அதன் அழகை எட்டாது. பக்கத்தில் சட்டி மேளமும் டோலக்கும் எலக்ட்ரானிக் பேடும் முழங்கும்போது மைக் முதலில் அவற்றைத்தான் எடுக்கும்.

பிக்கப் வைத்தாலும் ஊளை முழுவதும் விடாது. சவுண்டு சர்வீஸ்காரர்கள் 'கூவுது' என்பார்களே, அது இப்படி நடக்கிறது: ஸ்பீக்கரின் சத்தம் மேல்பலகையை அசைக்கிறது, பலகை சேடிலை அசைக்கிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. கிட்டாரின் பெட்டிக்குள் அடைந்த காற்று 100 ஹெர்ட்ஸுக்கு அருகிலும், மேல்பலகை 200-க்கு அருகிலும் தானாகவே அதிர விரும்பும். ஆறாவது தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் உலோகக் கட்டில்) அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ், திறந்த மூன்றாவது தந்தி 196 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கிட்டார்கள் இந்த இரண்டு இடங்களை ஒட்டித்தான் கூவத் தொடங்கும். முதல் மருந்து, வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை கிட்டாரின் துளைக்கு நேரே வைக்காமல் இருப்பது. அடுத்தது, துளைக்கு ரப்பர் மூடி. ப்ரீஆம்பில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள்: நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு நிலையில் ஊளை குறையும், இன்னொன்றில் கூடும். நாட்ச் திருகு இருந்தால் கூவும் சுருதிக்கு அதைக் கொண்டுபோய் அங்கே மட்டும் வெட்டுங்கள். ஒட்டுமொத்த பேஸையும் வெட்டினால் நைலானின் உடம்பே போய்விடும்.

இதனால்தான் மேடைக்கென்றே வாங்குகிறவர்களுக்கு, மேல்பலகை ஒட்டுப்பலகையாக இருப்பதைக் குறையாகச் சொல்ல மனம் வருவதில்லை. கடைகளில் 'சாலிட் டாப்' என்ற சொல்லுக்கே ஒரு விலை உண்டு. துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே கீழிறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. கையால் வாசித்துக் கேட்கும்போது ஒற்றைப் பலகை நிச்சயம் ஒரு படி மேல். சேடிலுக்கடியில் இருக்கும் பியெசோ அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட வெளியே கொண்டுவராது. விறைத்த ஒட்டுப்பலகை ஊளையிடுவதும் குறைவு, கடற்காற்றைத் தாங்குவதும் கூடுதல்.

கடற்காற்று என்பது வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. கிட்டார்களை வழக்கமாக 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் செய்கிறார்கள். இங்கே 70, 80 சாதாரணம். இரண்டரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள பலகை ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாக்கில் விரியும். அடியில் ஒட்டிய சட்டங்கள் பிடித்துக்கொள்வதால் மேல்நோக்கிப் புடைக்கும். கூடவே பிரிட்ஜ் உயரும், தந்தியும் உயரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி 4 மில்லிமீட்டர், முதல் தந்தி 3 மில்லிமீட்டர் என்பது கிளாசிக்கல் கிட்டாரின் வழக்கமான அளவு. ஐப்பசி, கார்த்திகையில் இது அரை மில்லிமீட்டர் ஏறிவிட்டதென்று சேடிலைத் தேய்த்துவிட்டால் (அங்கே அரை குறைய, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும்), பலகை காய்ந்து இறங்கியதும் தந்தி ஃப்ரெட்டில் இடித்து 'ஜிங்'கென்று இரையும். இரண்டு சேடில் வைத்துக்கொள்வது மேல், மழைக்கொன்று வெயிலுக்கொன்று. கழுத்துக்குள் திருகுக்கம்பி உள்ள கிட்டார் என்றால் கழுத்தின் வளைவையாவது சரிசெய்துகொள்ளலாம். மரபான கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் அது இருக்காது.

ஷீட் கூரை வீட்டுப் பரண்மேல் மட்டும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே ஏறும் சூட்டில் பசை இளகி, 40 கிலோ இழுவிசை பிரிட்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கும். உப்புக்காற்றில் தாமிரச் சுற்றுத் தந்திகள் சீக்கிரம் கறுத்து மங்கும். ஜாக் சாக்கெட்டிலும் பேட்டரி முனையிலும் பச்சைக் களிம்பு படியும். மாதம் ஒருமுறை கிட்டார் கம்பியின் முனையில் இருக்கும் பி-38 ஜாக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்தாலே பாதிக் களிம்பு தேய்ந்து போகும்.

கழுத்தின் அளவு கைப்பழக்கத்தைப் பொறுத்தது. மரபான கிளாசிக்கல் கிட்டாரில் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) அகலம் 52 மில்லிமீட்டர், விரல்பலகை தட்டை, தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். ஸ்டீல் கிட்டாரில் 43 மில்லிமீட்டர் நட்டுக்குப் பழகியவர் பாட்டுக்குப் பாட்டு இதற்கு மாறினால் கை தடுமாறும். அவர்களுக்கென்றே 48 மில்லிமீட்டர் நட்டும் லேசாக வளைந்த விரல்பலகையுமாக வருபவை உண்டு. யமஹாவின் என்டிஎக்ஸ் வரிசை அப்படி, என்சிஎக்ஸ் வரிசை 52-ஐ விடாதது. கிரேடு தேர்வுக்குக் கிளாசிக்கல் பாடம் படிக்கிற பிள்ளைக்கு 52 வாங்குங்கள். குறுகிய கழுத்தில் பக்கத்துத் தந்தியில் விரல் பட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது தந்தி மட்டும் மந்தமாக ஒலிக்கிறது என்பது எல்லா நைலான் கிட்டாரிலும் உள்ள புகார். அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெறும் நைலான், வளைய மறுக்கிறது. நைலானைவிட அடர்த்தியான ஃப்ளோரோகார்பன் தந்தியை 'கார்பன்' என்று கேட்டு வாங்கினால், அதே சுருதிக்கு ஐந்தில் ஒரு பங்கு மெலிந்ததே போதும், ஒலியும் தெளியும். பிக்கப்பைக் குறைசொல்லும் முன் அந்த ஒரு தந்தியை மாற்றிப் பார்ப்பது மலிவு.

பேட்டரி விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. ப்ரீஆம்புக்குத் தனியாக ஸ்விட்ச் இருக்காது. ஜாக்கைச் செருகினாலே சாக்கெட்டுக்குள் இருக்கும் ஒரு தகடு பேட்டரியின் மைனஸை இணைத்துவிடும். பாட்டு ஒத்திகை முடிந்து கம்பியைப் பிடுங்காமல் சுவரோரம் சாய்த்து வைத்தால், யாரும் வாசிக்காமலே ஒன்றிரண்டு வாரத்தில் 9 வோல்ட் தீர்ந்துபோகும். தீரும்போது சத்தம் ஒரேயடியாக நிற்காது. மெதுவாக மீட்டினால் ஒழுங்காக வரும், ஓங்கி மீட்டினால் உடைந்து கரகரக்கும். பிக்கப் கெட்டுவிட்டதென்று சேடிலைக் கழற்றும் முன் புது பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.