அழகர்மலை மேல் ஆடிய வெளிச்சம்

மேலூருக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து 2025 பிப்ரவரிக் கடைசியில் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது, மேற்கே அழகர்மலைக்கு மேல் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒன்று தெரிந்ததாம். சற்று நேரம் அசையாமல் நின்ற அது, பிறகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. கீழே இறங்க இறங்கச் சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறியது. ஒன்பது மணியை ஒட்டி மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. செல்போனில் எடுத்த படத்திலும் அது வட்டத் தட்டாகவே விழுந்திருந்தது. கடிதத்தின் கடைசி வரி இது: "பத்துப் பேர் பார்த்தோம் ஐயா, பத்துப் பேருமா பொய் சொல்வோம்?"

பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அவர் எழுதிய நேரம், திசை, மறைந்த விதம் ஆகிய மூன்றும் அவ்வளவு சரியாகப் பொருந்துவதால்தான் அது எது என்று சொல்ல முடிகிறது. அந்த வாரங்களில் வெள்ளிக் கோள் மாலை வானில், மேற்கே, சூரியன் மறைந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வரை நின்றது. பிப்ரவரி நடுவில் அது உச்சப் பிரகாசத்தை எட்டியிருந்தது. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைப் போல முப்பது மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வரவேண்டியிருக்கிறது; வெப்பமும் குளிர்ச்சியும் கலந்து அலையும் அந்தக் காற்று முப்பட்டகம்போல் நிறங்களைப் பிரித்துச் சிதறடிப்பதால், தாழ இறங்கிய கோள் சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். செல்போன் கேமரா இருட்டில் ஃபோகஸ் தவறினால் எந்த ஒளிப்புள்ளியும் வட்டத் தட்டாகத்தான் பதிவாகும். தெருவிளக்கை வைத்து யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் வெள்ளி ஏன் ஆடியது? நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். மனிதக் கண்ணைப் பற்றி நான் படித்தவற்றிலேயே இதைவிட வியப்பூட்டிய செய்தி வேறு இல்லை.

இன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அறையின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, வெளிச்சம் துளியும் புகாதபடி செய்துகொண்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுடரை அணைத்துவிட்டு, பத்தடி தள்ளி அதை நிறுத்தி வையுங்கள். விளக்கையும் அணைத்தபின், அந்தச் செந்நிற நுனியை மட்டும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முதல் சில நொடிகள் அது அப்படியே நிற்கும். பிறகு மெல்ல இடப்பக்கம் நழுவும். சற்று மேலே ஏறும். நின்று, வந்த வழியே திரும்பும். சிலருக்கு அது அரை அடி நகரும், சிலருக்கு அறையின் மூலைக்கே போய்விடும். விளக்கைப் போட்டால் ஊதுபத்தி குத்திய வாழைப்பழத்தில் நின்றது நின்றபடி இருக்கும். அடுத்து அதன் பக்கத்திலேயே இன்னும் நான்கைந்து பத்திகளை ஏற்றி வைத்துப் பாருங்கள். நகர்வு பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதற்கு ஆங்கில நூல்களில் ஆட்டோகைனெட்டிக் விளைவு என்று பெயர். தமிழில் 'தானசைவுத் தோற்றம்' என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1799 ஜூன் மாதத்தில் டெனெரிஃப் தீவின் எரிமலை மீது இருந்தபோது, விண்மீன்கள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அலைவதைக் கண்டு எழுதிவைத்தார். காற்றின் வேலை என்றே அப்போது கருதப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், ஒரே விண்மீனை ஒரே வேளையில் பார்க்கும் இருவருக்கு அது வெவ்வேறு திசைகளில் நகர்வதாகத் தெரிகிறது என்று கண்டறிந்தார்கள். வானில் நடக்கும் அசைவாக இருந்தால் இருவருக்கும் ஒன்றுபோலத்தானே தெரிய வேண்டும்? ஆகவே அசைவு பார்ப்பவரிடம் இருக்கிறது என்று முடிவாயிற்று.

அது எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். கண் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. ஒரு புள்ளியை நாம் உற்றுப் பார்க்கிறோம் என்று நினைக்கும் வேளையிலும் விழி நுண்ணிய அளவில் நழுவுகிறது. நொடிக்கு ஓரிரு முறை சின்னஞ்சிறு வெட்டுகளாகத் துள்ளி, பழைய இடத்துக்கு மீள்கிறது. விழித்திரையில் விழும் உருவம் இப்படி ஓயாமல் அலைந்துகொண்டிருந்தும், உலகம் நமக்கு அசையாமல் தெரிவதற்கு மூளை இரண்டு உபாயங்களைக் கையாளுகிறது. முதலாவது, காட்சி முழுவதும் ஒன்றாக நகர்ந்தால் "நகர்ந்தது என் கண்" என்று எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ளவற்றை விட்டு ஒரு பொருள் தனியாக நகர்ந்தால் மட்டுமே "பொருள் நகர்கிறது" என்று முடிவு செய்வது. இரண்டாவது, அலுவலகத்தில் ஆணை அனுப்புபவர் கார்பன் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்வதுபோல, கண் தசைகளுக்குத் தான் இடும் கட்டளையின் நகலை மூளை தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு உருவத்தின் நகர்வைக் கழித்துவிடுவது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணின் இமையோரத்தை விரலால் மிக மென்மையாக அழுத்திப் பாருங்கள், உலகமே ஆடும். கண்ணைத் தசை நகர்த்தாமல் விரல் நகர்த்தியதால் கோப்பில் நகல் இல்லை. கழிப்பதற்குக் கணக்கு இல்லாததால் உலகம் ஆடியதாகவே மூளை முடிவு செய்கிறது.

இருட்டில் ஒற்றைப் புள்ளியைப் பார்க்கும்போது முதல் உபாயம் செயலற்றுப் போகிறது, ஏனெனில் ஒப்பிடுவதற்குப் பின்னணி என்று ஒன்றுமே இல்லை. மிஞ்சுவது இரண்டாவது உபாயம் மட்டும். ஒரே திசையில் நிலைகுத்திய கண்ணின் தசைகள் சிறிது நேரத்தில் சமச்சீரின்றித் தளர்கின்றன. தளர்ச்சியால் கண் விலகிவிடாதபடி மூளை திருத்தக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கண் நின்ற இடத்திலேயே நிற்க, கட்டளையின் நகல்கள் மட்டும் கோப்பில் சேர்கின்றன. அந்த நகல்களை நம்பி, ஒளியைப் பின்தொடர்ந்து கண் போய்க்கொண்டிருக்கிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரகரி முன்வைத்த விளக்கம் இது. கண்ணைச் சில நொடிகள் ஒரு பக்கமாக வலிந்து திருப்பி வைத்திருந்துவிட்டுப் பிறகு புள்ளியைப் பார்த்தால், அது நகரும் போக்கே அதற்கேற்ப மாறுகிறது. விழியின் நுண்ணசைவுகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று கருதுவோர் இருக்கிறார்கள்; ஆனால் நாம் காணும் நகர்வு அந்த நுண்ணசைவுகளைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், தசைக் கட்டளை விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

சரி, ஒருவர் கண் ஏமாறலாம், பத்துப் பேர் கண்ணும் ஒன்றாகவா ஏமாறும் என்று கேட்கலாம். துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை. இருட்டறையில், சுமார் ஐந்து மீட்டர் தொலைவில், அசையாத ஒளிப்புள்ளியைக் காட்டி, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனியே அமர்ந்தபோது ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் அளவுக்கு வந்து நின்றார்கள், ஒருவருக்கு அது சில அங்குலம், மற்றொருவருக்கு அதைப் போலப் பல மடங்கு. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னதும், அமர்வுக்கு அமர்வு அவர்களின் அளவுகள் நெருங்கிவந்து ஒன்றாகிவிட்டன. கூட்டாக ஏற்பட்ட அந்த அளவையே பிறகு தனியே கேட்டபோதும் சொன்னார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. மொட்டை மாடியில் ஒருவர் "அந்தா, இடப்பக்கம் போகுது பார்" என்று சொன்ன நொடியில், மற்ற ஒன்பது பேருக்கும் அது இடப்பக்கம் போவது இப்படித்தான்.

கடிதம் கிடைத்த வாரக் கடைசியில், வெள்ளி இன்னும் மாலை வானில் இருக்கும்போதே, அந்த ஊருக்குப் போனேன். பார்த்தவர்களில் ஏழு பேர் மாடிக்கு வந்தார்கள். எட்டு மணி வாக்கில் வெளிச்சம் அதே இடத்தில் நின்றது. "இதேதான்" என்றார்கள். சற்று நேரத்தில், ஆடுகிறது என்றும் சொன்னார்கள். எனக்குமே ஆடுவதாகத்தான் தெரிந்தது, காரணத்தை அறிந்திருந்தும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் மேல்விளிம்பை வெளிச்சம் தொடும்படி ஒவ்வொருவரையும் நிறுத்தி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பார்க்கச் சொன்னேன். ஆட்டம் அடங்கியது. இரண்டு நிமிடத்துக்குள் வெளிச்சம் தொட்டி விளிம்புக்குக் கீழே சீராக இறங்கி மறைந்தது. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால் வரும் இறக்கம் அது. வீட்டுக்குப் பெரியவரான அப்பத்தா ஒருவர், தம் சிறுவயதில் கண்மாய்க்கரை மேல் இப்படிப் போன வெளிச்சத்தை முனியோட்டம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றார். வேறு ஊர்களில் அதையே கொள்ளிவாய்ப் பிசாசு என்றிருப்பார்கள். அவருடைய பேரன் பறக்கும் தட்டு என்கிறான். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் அர்னால்ட் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறந்ததாகச் சொல்லி, தண்ணீர் மேல் எறிந்த தட்டு தத்திச் செல்வதுபோல் அவை சென்றதாக விவரித்ததிலிருந்து பத்திரிகைகள் உருவாக்கிய பெயர் பேரனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண் மூவருக்கும் ஒன்றே.

அசைவை மட்டுமல்ல, வடிவத்தையும் மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். 1968 மார்ச் 3 இரவு, சோவியத் நாட்டின் சோண்ட் 4 விண்கல ஏவுதலைச் சேர்ந்த ராக்கெட் பாகம் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு மேலே காற்றில் எரிந்து, துண்டுகளாகச் சென்றது. பலர் நெருப்புத் துண்டுகள் வரிசையாகச் சென்றதாகச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் சிலர், சுருட்டு வடிவக் கலம் ஒன்று சன்னல்களில் விளக்கெரியத் தங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போனதாக எழுதித் தந்தார்கள். இருட்டில் வரிசையாக நகரும் ஒளிகளைக் கண்டதும், அவற்றை இணைக்கும் ஓர் உடலை மூளை வரைந்துவிட்டது. ரயில் பெட்டியின் சன்னல்களை இரவில் பார்த்துப் பழகிய மூளைக்கு இது இயல்பான வேலை.

படித்தவர், பயிற்சி பெற்றவர் என்ற வேறுபாடும் இதில் இல்லை. லடாக்கில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை எல்லையில் காவல் நின்ற நம் ராணுவ வீரர்கள் அடையாளம் தெரியாத பறக்கும் ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். சீன உளவு விமானங்களோ என்ற கவலை எழுந்தது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்களைக் கேட்டபோது, அவை வியாழனும் வெள்ளியும் என்று கண்டு சொன்னார்கள். மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் பதிவு செய்யும் ஆய்வகம் பக்கத்திலேயே இருக்க, வெள்ளி எது, வியாழன் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. வட்டாரத்துக்கு ஓர் அரசுப் பள்ளியின் மாடியில், வானம் முழுவதையும் இரவெல்லாம் படம் பிடிக்கும் மீன்கண் கேமரா ஒன்றை வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எரிகற்களைப் பதிவு செய்யவும் அது உதவும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கையாவது இப்படிச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாமே வெள்ளி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை இத்தகைய காட்சிகளைப் பற்றித் திரட்டிய 12,618 தகவல்களில் 701 விளக்கப்படாமலே நின்றன. நாசா அமைத்த குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கையும், இவை வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்று கூறியதோடு, கிடைத்துள்ள தரவுகளின் தரக்குறைவே விளக்கம் காணத் தடையாக இருக்கிறது என்றும் வலியுறுத்தியது. திசையும் நேரமும் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல தகவல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடிய புறநானூற்றின் 229ஆம் பாட்டு, வானிலிருந்து ஒரு மீன் விழுந்ததைச் சொல்கிறது. மாதம் பங்குனி, நேரம் நள்ளிரவு, அப்போது உச்சியிலிருந்து சாய்ந்த நாண்மீன் (நட்சத்திரம்) எது, அதற்கு எதிரே எழுந்தது எது, மறைந்தது எது என்றெல்லாம் வரிசையாகக் கூறி, விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையையும் குறித்துவிடுகிறார். அதைக் கண்டு மன்னனுக்குத் தீங்கு வருமென்று அவர் அஞ்சியதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் கண்டதைக் குறித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்தப் பாட்டைப் பற்றி மேலூர் வாசகரிடம் அன்று மாடியில் சொல்லியிருந்தேன். சில வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "மாலை 7.12க்கு வடமேற்கே ஓர் ஒளி எழுந்தது. சிமிட்டவில்லை, சத்தம் இல்லை. தலைக்கு மேல் வந்து தென்கிழக்கே இறங்கும் வழியில், அடிவானத்துக்கு ஒரு சாண் உயரத்தில், 7.16க்கு மங்கிச் சிவந்து மறைந்தது. மேகம் இல்லை. கையை நீட்டிச் சாணால் அளந்தேன். இது எது?" சர்வதேச விண்வெளி நிலையம் என்று பதில் எழுதினேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அதன் மீது பட்டுக்கொண்டிருந்த கடைசி வெயில் 7.16க்கு முடிந்து, அது பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது.