ஃபெரிட்டின்: இரும்புச் சேமப்புரதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், முகம் வெளுத்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் பெண்ணைப் பார்த்து "உடம்புல ரத்தமே இல்ல" என்பார்கள். அனீமியா என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கும் 'இரத்தமின்மை' என்பதே பொருள். நாம் அதனை இரத்தச்சோகை என்கிறோம்; சித்த மருத்துவம் பாண்டு, வெளுப்பு நோய் என்று வழங்குகிறது. ஆனால் கிளினிக்கில் கையில் தரும் பரிசோதனை அறிக்கையில் உள்ள ஃபெரிட்டின் என்ற சொல், இவற்றுள் எதுவும் குறிக்காத ஒன்றைக் குறிக்கிறது.

இலத்தீனில் 'ஃபெர்ரும்' என்றால் இரும்பு. செக் அறிவியலாளர் விலெம் லாஃப்பெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்த, இரும்பு செறிந்த புரதத்திற்கு அச்சொல்லின் அடியாகப் பெயர் அமைந்தது. 24 துணையலகுகள் கூடி உருவாகும் இந்த உள்ளீடற்ற கோளம், ஏறத்தாழ 4500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். கட்டின்றித் திரியும் இரும்பு உயிரணுவின் சவ்வையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும் மூலக்கூறுகள் உண்டாக வழிசெய்யும் என்பதால், உயிரணு அதனைப் பத்தாயத்து நெல்லைப்போல் அடைத்துவைத்து, வேண்டும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறது. வடமொழி வழி வந்து தமிழில் நெடுநாள் ஊன்றிவிட்ட 'சேமம்' என்னும் சொல் காவலையும் வைப்பையும் ஒருங்கே உணர்த்துவதால், 'இரும்புச் சேமப்புரதம்' என்பதே பொருந்திய தமிழ் என்று கருதுகிறேன். 'இரும்புச்சத்து' என்று பெயர்ப்பது பிழை. சத்து உணவில் இருப்பது, இது அதனைக் காக்கும் கலம்.

இந்த வேறுபாடு உடல்நலத்திற்கு முக்கியமானது. இரும்பு குறையும்போது முதலில் வற்றுவது சேமிப்பு. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின் பிறகுதான் இறங்கும். உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவுக்கும் இரும்பு தேவை என்பதால், இரத்தச்சோகை தோன்றும் முன்பே அயர்ச்சி வரலாம். நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், அது இரும்புக் குறைபாடு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. செருப்பின்றிப் பால்மரக் (ரப்பர்) காட்டில் நடந்தவர்களின் சேமிப்பை, பாதத்தின் வழி நுழைந்து குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு கரைத்தது. இன்று, சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணீரும் கீரையிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேத்தண்ணீரைச் சற்றுத் தள்ளிவைத்து, கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்லது.

எண் உயர்ந்திருந்தால் இரும்பு நிறைந்திருக்கிறது என்றும் கொள்ளக்கூடாது. கிருமித்தொற்றிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் ஏறும். தாலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோய் உள்ளவரையும் ஊரார் 'ரத்தம் இல்லாதவர்' என்றே சொல்வர். ஆயினும் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் அவருடைய உடலில், மிகுந்த இரும்பைத் தானே வெளியேற்றும் வழியில்லாமையால், அது ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. அவருக்கு இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுப்பது கேடாகவே முடியும்.