காந்தத்துக்கு வழிவிடும் படிகம்

‘மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அதன் மின்தடை மாறுமா?’ என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். மாறும். ஓடுகிற எலக்ட்ரானைக் காந்தப்புலம் வளைக்கிறது, வளைந்து ஓடுவதால் தடை கொஞ்சம் கூடுகிறது. ஆனால் செம்புக் கம்பியில் அதைக் கண்டுபிடிக்க நுட்பமான கருவியும் நிறையப் பொறுமையும் வேண்டும். இரும்பிலும் நிக்கலிலும் வேறொரு காரணத்தால் தடை மாறுவதை வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, 1850களிலேயே அளந்துவிட்டார். அங்கேயும் மாற்றம் சில சதவீதம்தான்.

சில ஆக்சைடுகளில் கதையே வேறு. லாந்தனம், கால்சியம், மாங்கனீசு மூன்றும் சேர்ந்த ஆக்சைடின் மெல்லிய படலம் ஒன்றை 1994இல் 77 கெல்வினுக்கு (சுமார் −196 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்து, 6 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் வைத்தார்கள். மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் சரிந்தது. ஆய்வுக் கட்டுரையில் 1,27,000 சதவீதம் என்று போட்டிருந்தது. இதில் ஒரு சின்ன வித்தை உண்டு: குறைந்த பிறகு இருக்கும் தடையால் வகுத்தால் இப்படி லட்சம் வரும், முதலில் இருந்த தடையால் வகுத்தால் 100 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. எந்த வகுத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா!

சரி, படிகத்துக்குள் போவோம். மாங்கனீசு, ஆக்சிஜன், மாங்கனீசு, ஆக்சிஜன் என்று வரிசை. லாந்தனத்துக்குப் பதில் அங்கங்கே கால்சியத்தை வைத்தால் எலக்ட்ரான் கணக்கில் துண்டு விழும். அதனால் சில மாங்கனீசு அணுக்களின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள், சிலவற்றில் மூன்று. அந்த மூன்றும் இடத்தைவிட்டு நகராதவை. எலக்ட்ரானுக்குக் காந்தத்தன்மை தரும் தற்சுழற்சி (spin) மூன்றுக்கும் ஒரே திசையில் இருப்பதால் அணுவே ஒரு குட்டிக் காந்தம். நான்காவதுதான் நாடோடி, பக்கத்து வீட்டில் இடம் காலியாக இருந்தால் போய்விடும்.

போவதற்கு வழி ஆக்சிஜன் வழியாகத்தான், ஆனால் ஆக்சிஜனில் எல்லா இருக்கையும் நிரம்பியிருக்கிறது. அதனால் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் ஒன்றை வலப்பக்கத்து மாங்கனீசுக்குத் தள்ளும் அதே கணத்தில் இடப்பக்கத்து மாங்கனீசிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கைமாற்றத்தை 1951இல் கிளாரன்ஸ் சீனர் (Zener) என்ற இயற்பியலாளர் விளக்கினார். பெயர் இரட்டைப் பரிமாற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள நிபந்தனை. வந்து சேரும் எலக்ட்ரானின் தற்சுழற்சி அந்த வீட்டு மூவரின் திசையோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு அணுக்களின் காந்தங்களும் ஒரே பக்கம் பார்த்தால் தாவல் முழு வலுவோடு நடக்கும். செங்கோணத்தில் நின்றால் வலு சுமார் 0.71 ஆகக் குறையும். நேரெதிராக நின்றால் பூஜ்யம், கதவு சாத்தியாகிவிட்டது. இடைப்பட்ட கோணத்தில் பாதிக் கோணத்தின் கொசைன். பள்ளி முக்கோணவியலில் மனப்பாடம் செய்த அதே கொசைன் ஒரு படிகத்தின் மின்தடையை ஆட்டிவைக்கிறது!

இது மறுபக்கமும் வேலை செய்கிறது. எலக்ட்ரான் தாராளமாக உலவினால் மொத்த ஆற்றல் குறைகிறது, ஆகவே அது உலவுவதே சுற்றியுள்ள காந்தங்களை ஒரே திசைக்குத் திருப்புகிறது. காந்தங்கள் திரும்பினால் இன்னும் நன்றாக உலவலாம். வெப்பம் கூடினால் இந்த ஒற்றுமை குலையும். குலையும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் படிகம் இரண்டுங்கெட்டானாகத் தள்ளாடும்போதுதான் வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் அதைச் சாய்த்துவிடுகிறது.

சீனரின் கணக்கு மட்டும் போதாது என்று 1995இல் இயற்பியலாளர் மில்லிஸின் குழுவினர் காட்டினார்கள். நான்காவது எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள ஆக்சிஜன் கூடு கோணலாகிறது. மெத்தையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் குழிக்குள் அமிழ்வதுபோல, எலக்ட்ரான் தன் குழியிலேயே சிக்கிக்கொள்கிறது. காந்தங்கள் வரிசைக்கு வந்தால்தான் அதிலிருந்து மீள்கிறது. இதனால்தான் தடை இத்தனை மடங்கு மாறுகிறது.

6 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். காந்த வளையல் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியிலுள்ள இரும்புபோலக் காந்தத்தில் ஒட்டாது என்றும் சொன்னேன். வளையல் கையிலேயே இருக்கிறது. இதே மாங்கனீசு ஆக்சைடுகளை 1950இல் முதலில் ஆராய்ந்தவர்கள் பிலிப்ஸ் ஆய்வகத்தின் யோங்கரும் வான் சான்டனும். உலகமே திரும்பிப் பார்க்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மூன்றே ஆண்டில் என்ன பொருள் வரும் என்று கேட்டு நிதி தருபவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

அத்தனை பெரிய புலம் வேண்டியிருப்பதால்தான், காந்தமாகப் பதிந்த தகவலைப் படிக்கும் வேலைக்கு ஹார்டு டிஸ்க்குக்குள் இந்தப் படிகம் நுழையவில்லை, உலோக அடுக்குகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் லாந்தனம்-ஸ்ட்ரான்சியம்-மாங்கனீசு ஆக்சைடில் 1996இல் ஒரு வேடிக்கை தெரிந்தது. பழுதில்லாத ஒற்றைப் படிகம் குறைந்த வெப்பத்தில் சிறு புலத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே பொருளைப் பொடியாக்கிச் சுட்டு வில்லையாக்கினால், ஒரு டெஸ்லாவின் சிறு பகுதிக்கே தடை சட்டென்று விழுந்தது. வில்லை முழுக்கப் பொடிமணிகள். ஒவ்வொரு மணியும் தன் திசையில் நிற்கும் ஒரு காந்தம். எலக்ட்ரான் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குத் தாவ இடையிலுள்ள எல்லையைக் கடந்தாக வேண்டும், சிறு புலமே மணிகளை ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. ஒற்றைப் படிகத்தில் கடக்க அப்படி எல்லையே கிடையாது.